தேய்ப்பு பங்களா

பிரஷர் குக்கர் கிடைக்கப் போகிறது என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்த செசிலிக்கு, காலையில் பேர் வாசிக்கும் பெரட்டுக்களத்தில் தோட்டத்துத் தொரை கொடுத்தது ஓர் அட்டை. உள்ளங்கை அகலம். தங்க நிற எழுத்து, அத்தனையும் இங்கிலீசு. திருப்பிப் பார்த்தாள், குலுக்கியும் பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, மார்ச் மாதம். தெமோதரைக்கு மேலே கல்லுப்பாலத் தோட்டத்தில் அந்த வருடம் தேயிலைக் கொழுந்தெடுப்பதில் முதலாவது ஆள் செசிலிதான். போன வருடம் முதலாவதாக வந்தவளுக்குக் குக்கர் கொடுத்தார்கள், அதற்கு முந்தின வருடம் மினுமினுக்கும் ஒரு சேலை. இந்த வருடம் கம்பெனிக்குப் புத்தி வளர்ந்துவிட்டது. வெள்ளைக்காரத் தொரைமார் குடியிருந்த பழைய பெரிய பங்களாவைக் கொழும்பு ஆட்கள் குத்தகைக்கு எடுத்து, சுற்றுலா வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்து, ஆவி பிடிக்க வைத்து, முகத்தில் எதையாவது அப்பி அனுப்பும் இடமாக மாற்றியிருந்தார்கள். ஸ்பா என்று பலகை தொங்கியது. லயத்துச் சனம் அதைத் தேய்ப்பு பங்களா என்றது. அந்தத் தேய்ப்பு பங்களாவில் ஒரு நாள் முழுக்கச் சுகமாக இருந்துவிட்டு வரலாம் என்பதுதான் அட்டையில் இருந்த சங்கதி.

"வெள்ளக்காரிங்க கப்பல் ஏறி வந்து படுத்துக் கெடக்கிற எடம் அது. ஒனக்கு ஓசியில கெடச்சிருக்கு" என்றான் கணக்கப்பிள்ளை ஜோன்சன்.

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். செசிலி சிரிக்கவில்லை. குக்கர் போன கவலை அவளுக்கு அந்த இடத்திலேயே தீர்ந்துவிட்டது. எண்ணெய், தேய்ப்பு என்ற இரண்டு சொற்கள் காதில் விழுந்ததுமே அவள் மனம் தன் வலது தோளுக்கு ஓடிவிட்டது.

அந்தத் தோளின் கதை அவளைத் தவிர இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒக்டோபர் மழையில், பதினோராம் நம்பர் மலையில், நிறைந்த கூடையோடு தண்ணீர் ஓடும் கானுக்குள் வழுக்கி விழுந்தாள். அன்றிலிருந்து வலது கை நெஞ்சு உயரத்துக்கு மேல் எழும்பாது. கொழுந்தைக் கிள்ளலாம். கிள்ளியதைத் தோளுக்கு மேலாகப் பின்னால் தொங்கும் கூடைக்குள் எறிய முடியாது. வேறு எவளாவது என்றால் மருந்துச்சாலைக்கு ஓடியிருப்பாள். முழங்கால் கொதிக்கிறது என்று அங்கே போய் நின்ற அந்தோணியம்மாளின் பேரை இரண்டே மாதத்தில் செக்ரோலில், வேலையாட்களின் பேர்ப் பதிவில், வெட்டிவிட்டார்கள். பேர் வெட்டினால் அந்த வீட்டிலிருந்து இன்னொருவர் வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும், ஆள் இல்லாவிட்டால் லயத்துக் காம்பராவை விட்டு இறங்க வேண்டும். கல்லுப்பாலத்தில் தொரை வைத்த சட்டம் அது. அந்தோணியம்மாளுக்கு ஆள் இல்லை. இப்போது வெலிமடையில் யாரோ ஒருவருடைய லீக்ஸ் தோட்டத்துக் கொட்டிலில் கிடக்கிறாள். அவள் சட்டி பானையோடு இறங்கிப் போன காலையில் செசிலி நாலு பேர் கேட்கச் சொன்னாள்: "வாய மூடிக்கிட்டு இருக்கத் தெரியாதவளுக்கு வீடு ஒரு கேடா?" கேட்டவர்களும் சிரித்தார்கள்.

செசிலிக்கு வாயை மூடத் தெரியும். புருஷன் பிலிப்பு மாரடைப்பில் போய் ஆறு வருடம். வீட்டில் மிச்சம் இருப்பது மகள் ரொஷானி ஒருத்தி. அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. பதுளையில் ஏ.எல். உயர்தர வகுப்புப் படிக்கிறாள், ஓகஸ்டில் பரீட்சை. அந்த லயத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் பெண்பிள்ளை அவள்தான். அந்தச் சோதனை முடியும் வரைக்கும் செசிலியின் பேர் செக்ரோலில் நிற்க வேண்டும். கர்த்தரிடம் அவள் கேட்டதெல்லாம் அந்த ஐந்து மாதம்தான்.

அதற்காக அவள் செய்த வேலையைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். வலது கையால் கிள்ளி இடது கைக்கு மாற்றி, இடது கையால் எறியப் பழகினாள். முதல் மாதம் பாதிக் கொழுந்து மண்ணில் விழுந்தது. இரண்டாம் மாதம் சரியாக விழுந்தது. மூன்றாம் மாதம் எல்லோரையும் விடக் கூடுதலாக நிறுத்தாள். முதலாவதாக வருகிறவளின் தோளை எவன் சந்தேகப்படப் போகிறான் என்பது அவள் கணக்கு. ஆனால் நிறைந்த கூடையை நிலத்திலிருந்து தூக்கித் தலைக்கயிற்றில் மாட்டுவதற்கு இரண்டு கை வேண்டும். அதற்கு பிலோமி இருந்தாள். பிலிப்பின் தங்கை, பக்கத்துக் காம்பரா. ஐந்து மாதமாக, மூச்சுக் காட்டாமல், ஒவ்வொரு முறையும் வந்து தூக்கிவிட்டாள்.

கூட ஓர் ஆளையும் கூட்டி வரலாம் என்று அட்டையில் எழுதியிருந்ததை ரொஷானி வாசித்துச் சொன்னபோது, பிலோமி வாசல் இஸ்தோப்பில்தான் நின்றாள். அன்று மாலையே தன் ஊதாச் சேலையைத் துவைத்துக் கொடியில் போட்டாள். மறுநாள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் எல்லாப் பெண்களுக்கும் நடுவில் கேட்டாள்.

"மதினி, எத்தன மணிக்குப் போவணும்?"

"நீ எங்கடி வர்ற?" என்றாள் செசிலி. "ஒன் குதிங்கால் வெடிப்புல எண்ணெய ஊத்துனா பங்களா எண்ணெய் பூரா வத்திப்போவும். அப்புறம் எனக்கு எதத் தேய்ப்பாங்க?"

பீலியடியே சிரித்தது. பிலோமியும் சிரித்தாள். சிரித்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று செசிலிக்குத் தோன்றவே இல்லை. வாய் அவளுக்கு அப்படித்தான், தோள் மாதிரி அல்ல, எந்த உயரத்துக்கும் எழும்பும்.

சனிக்கிழமை எட்டு மணிக்குக் குளித்து, மாதா கோயில் திருநாளுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு பங்களாவுக்கு ஏறினாள். ஏறிய கால் பழக்கத்தில் குசினிப் பக்கம் திரும்பிவிட்டது. முப்பது வருடத்தில் அந்த பங்களாவுக்கு விறகு கொண்டு வந்திருக்கிறாள், முட்டை கொண்டு வந்திருக்கிறாள். முன்வாசலைப் பார்த்ததில்லை. காவல்காரன் இராசையா விரட்டி வந்தான்.

"ஏய், அங்கிட்டு எங்க போற? இன்னைக்கு நீ கெஸ்ட். முன்னால போ. செருப்பக் கழட்டிக் கையில வச்சுக்க, கார்ப்பட்டுல வைக்காத."

முன்வாசலில் தர்மிளா நின்றாள். பதுளைக் கச்சேரியில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவரின் மகள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும், வெள்ளை உடுப்பு, நெற்றியில் சின்னத் திருநீறு. அவள் செய்த முதல் காரியம் செசிலியின் கையைப் பிடித்ததுதான். யாரும் அப்படிப் பிடித்ததில்லை.

"வாங்கோ அம்மா. களைச்சுப் போனீங்களோ? இருங்கோ, முதல்ல தேசிக்காய்த் தண்ணி குடியுங்கோ."

மெத்தை வைத்த கதிரை. செசிலி அதன் விளிம்பில் இருந்தாள். தர்மிளா எதிரில் முக்காலியைப் போட்டுத் தாழ உட்கார்ந்து, மடியில் ஒரு தாளை வைத்துக்கொண்டாள்.

"உடம்பில எங்கயெண்டாலும் நோ இருக்கோ அம்மா? ஒண்டையும் மறைக்காமச் சொல்லுங்கோ. அப்பதான் எங்களுக்குப் பார்த்துச் செய்யலாம்."

தாளைக் கண்டதும் செசிலிக்கு உள்ளே ஒரு பூட்டு விழுந்தது. எழுதுகிறவன் முன்னால் உடம்பைப் பற்றிப் பேசக்கூடாது என்பது தோட்டத்தில் பால்குடிக்குக் கூடத் தெரியும். ஆனால் தர்மிளாவின் கையில் இருந்தது பேனா அல்ல, பென்சில். அங்கே எல்லாத் தாளிலும் எண்ணெய் படுகிறது, மை பரவிவிடும் என்று பென்சில்தான் வைத்திருந்தார்கள். செசிலி அந்தப் பென்சிலைப் பார்த்தாள். மலையில் கணக்கப்பிள்ளை பொக்கட் புத்தகத்தில் எழுதுவதும் பென்சிலில்தான். நிறுவையில் சண்டை வந்தால் எச்சில் தொட்டு அழித்துவிட்டு வேறு எழுதுவான். சாயங்காலம் ஒபிசில் மையில் ஏற்றினால்தான் அது எழுத்து. அதுவரைக்கும் பென்சில் வெறும் பேச்சு. முப்பது வருடமாக அவள் கண்டது அது.

அதனால் சொன்னாள்.

சொல்லத் தொடங்கியதும் நிற்கவில்லை. ஒக்டோபர் மழையைச் சொன்னாள், கானைச் சொன்னாள். இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாததைச் சொன்னாள். தலை வாருவதற்கு மகளைக் கூப்பிடுவதை, ஜாக்கெட் போடும்போது பல்லைக் கடிப்பதை, கோயிலில் சிலுவை போடும்போது கை நெற்றிக்கு எட்டாமல் தலையைக் குனிந்துகொள்வதை, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். தர்மிளா "ஐயோ அம்மா, அப்பிடியோ, பாவம்" என்று கேட்டு, கேட்டதை எல்லாம் அழகாக எழுதினாள். அவள் நல்ல பிள்ளை. அதில் சந்தேகமே வேண்டாம். கெட்ட பிள்ளையாக இருந்திருந்தால் இவ்வளவு கவனமாக எழுதியிருக்க மாட்டாள்.

"இனிப் படுக்கட்டா? தோள்ல தேய்ச்சு விடுவீங்களா?" என்று கேட்டாள் செசிலி.

தர்மிளா உள்ளே போய் மெனேஜரிடம் தாளைக் காட்டிவிட்டு வந்தாள். முகம் வாடியிருந்தது.

"அம்மா, குறை நினைக்காதீங்கோ. இப்பிடி நாட்பட்ட நோ இருக்கிற ஆக்களுக்கு டொக்டரின்ர கடிதம் இல்லாம நாங்கள் தொடக்கூடாதாம். அது இங்கத்த சட்டம். தோளுக்கு ஒண்டும் செய்யேலாது."

செசிலிக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டாள். மறுபடியும் அதே பதில். வலி இல்லாதவர்களுக்குத்தான் இங்கே எண்ணெய் என்று மூன்றாம் தரம்தான் புரிந்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஒரு வெள்ளைக்காரி குப்புறப் படுத்திருந்தாள். பன்றிக்குட்டி மாதிரி கொழுத்த தோள். அந்தத் தோளில் இரண்டு பெண்கள் நாலு கையால் உருட்டி உருட்டித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். செசிலிக்கு அவள் மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

"கைக்குச் செய்வம் அம்மா, கைக்குச் செய்யலாம்" என்று தர்மிளா ஆறுதல் சொன்னாள். படம் பிடிக்கிற ஒருவன் அதற்காகத்தான் கொழும்பிலிருந்து வந்து காத்திருந்தான். கொழுந்து பறித்த கைக்கு ஒரு நாள் ஓய்வு என்று கம்பெனி விளம்பரம் போடப் போகிறதாம்.

செசிலியின் கையைப் பித்தளைத் தட்டத்து வெந்நீரில் வைத்தார்கள். சுற்றிலும் பூ மிதந்தது. படம் பிடிக்கிறவன் கமராவுக்குள் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"என்ன இது, விரல் எல்லாம் இப்படிக் கறுப்பு? தார் போட்ட ஆளா? இதக் கழுவிக் கொண்டாங்க."

கழுவினார்கள். சவர்க்காரத்தில் கழுவினார்கள், தேசிக்காயும் உப்பும் வைத்துத் தேய்த்தார்கள். தேயிலைச் சாயம் முப்பது வருடமாக வெடிப்புக்குள் இறங்கி இறுகியது, அது என்ன வெற்றிலைக் கறையா? பிறகு குதிங்கால் தேய்க்கிற கல் வந்தது. அதற்குப் பிறகு ஒரு வெள்ளைக் களிம்பு வந்தது, மூக்கைத் துளைத்தது, விரல் நுனியெல்லாம் எரிந்தது. இரண்டு மணி நேரம். தர்மிளா "நோகுதோ அம்மா, நோகுதோ" என்று கேட்டுக் கேட்டுத் தேய்த்தாள். காய்த்துப்போயிருந்த தோல் அடுக்கடுக்காகக் கழன்று தண்ணீரில் மிதந்தது. கறை ஓரளவுக்குப் போயிற்று. உள்ளே சிவப்பாக, கோழிக்குஞ்சின் தோல் மாதிரி ஒரு கை வந்தது.

படம் பிடிக்கிறவன் அதையும் பார்த்தான். "இது இன்னும் மோசம். வியாதிக் கை மாதிரி இருக்கு."

கடைசியில் செசிலியின் முகத்தை மட்டும் எடுத்தான், சிரிக்கச் சொல்லி ஏழெட்டுத் தரம். அதற்குப் பிறகு தர்மிளாவைக் கூப்பிட்டு, அவளுடைய மெல்லிய விரல்களைப் பூத்தண்ணீருக்குள் வைத்து, இரண்டு இலையும் ஒரு மொட்டும் பிடிக்கச் சொல்லி எடுத்தான். விளம்பரத்தில் முகம் செசிலியுடையது, கை தர்மிளாவுடையது. ஒரு பிளேன்டீயும் இரண்டு விசுக்கோத்தும் கொடுத்து மூன்று மணிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்று பின்னேரம் பீலியடியில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "எப்படி இருந்துச்சு மதினி?" என்று பிலோமியும் கேட்டாள்.

"அத எப்புடிச் சொல்றது? ஒடம்பு பஞ்சு மாதிரி இருக்கு. நாலு பேரு தேய்ச்சாங்கடி" என்றாள் செசிலி. கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

ஞாயிறு போனது. திங்கட்கிழமை மலையில் முதல் கொழுந்தைக் கிள்ளியதுமே உயிர் போனது. காய்ப்பு இல்லாத விரலில் ஒவ்வொரு காம்பும் கத்தியாகக் கீறியது. அன்று அவள் பதினோரு கிலோதான் எடுத்தாள். பதினாறு எடுத்தால்தான் முழுப்பேர், முழு நாள் சம்பளம். பிலோமி அன்றும் வந்து கூடையைத் தூக்கிவிட்டாள். ஜோன்சன் தராசையும் பார்த்தான், செசிலியையும் பார்த்தான்.

"என்னா செசிலி, தேய்ச்சுவிட்டதுல சோம்பேறித்தனம் ஏறிருச்சா?"

"இல்லைங்கய்யா, நாளைக்கு எடுத்துருவேன்."

நாளைக்கு அவளை மலைக்கே விடவில்லை. காலைப் பெரட்டில் ஜோன்சன் பேர் வாசிக்கும்போது அவளுடைய பேரைத் தாண்டிப் போய்விட்டு, "நீ ஒபிசுக்குப் போ. தொரை கூப்புடுறாரு" என்றான்.

தொரையின் மேசையில் அந்தத் தாள் இருந்தது. தோட்டம் அனுப்பிய ஆளுக்குச் செய்ததற்குத் தோட்டத்துக்குத்தான் கணக்கு, அதனால் பங்களா அந்தத் தாளை ஒபிசுக்கு அனுப்பிவிட்டது. அடியில் தர்மிளா தன் நல்ல மனதில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: இந்த அம்மாவுக்குப் பாரமான வேலை கொடுக்க வேண்டாம், தயவுசெய்து டொக்டரிடம் காட்டவும்.

தொரை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருக்கலாம்.

"அஞ்சு மாசமா கை தூக்க ஏலாதாம், மெய்தானே?"

"இல்லைங்க தொரைங்களே. சும்மா சுளுக்குங்க. நான்தானுங்களே மொத ஆளா வந்தேன்."

"கையத் தூக்கு பாப்பம்."

செசிலி தூக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, எப்படியெல்லாமோ தூக்கினாள். கை நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது. தொரை, ஒபிசுக் கிளாக்கர், கதவோரத்தில் நின்ற ஜோன்சன் எல்லோரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் இறக்கச் சொல்லவில்லை.

"போதும்" என்றார் தொரை ஒருவழியாக. "இந்தக் கையோட மலையில விழுந்தா கம்பெனிதான் பதில் சொல்லணும். பேர வெட்டிரலாம். வீட்டுல வேற யாரு இருக்கா?"

"தொரைங்களே, அது பென்சில்ல எழுதுனதுங்க" என்றாள் செசிலி. வேறு எதுவும் அவளுக்கு வரவில்லை. "பென்சில்லதாங்க எழுதியிருக்கு. மையில ஏத்தலைங்களே."

தொரைக்கு விளங்கவில்லை. ஜோன்சனுக்கு விளங்கியது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தான். தொரை பேனாவை எடுத்து அந்தப் பென்சில் எழுத்துக்குக் கீழே நீல மையில் கையெழுத்துப் போட்டு, கிளாக்கரிடம் நீட்டினார்.

"மகளுக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சுங்க" என்று ஜோன்சன்தான் எடுத்துக் கொடுத்தான். "நல்ல ஒயரமான புள்ள."

"அப்ப பிரச்சினையில்லையே. வீடும் இருக்கும். வெள்ளிக்கெழமை வரச் சொல்லு."

செசிலி தொழிற்சங்கத்துத் தலைவரிடம் ஓடினாள். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பங்களாவுக்குப் போகையில எங்களக் கேட்டா போன? தொரை குடுத்த அட்டைய வாங்கிக்கிட்டு இளிச்சேல்ல, அவர்கிட்டயே போ" என்றார். மருந்துச்சாலைக்கும் ஓடினாள். கை நல்லாத்தான் இருக்கிறது என்று ஒரு துண்டு எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சினாள். தூக்கிக் காட்டு என்றார்கள்.

ரொஷானி அழவில்லை. அதுதான் செசிலிக்குத் தாங்க முடியாமல் இருந்தது. வியாழக்கிழமை இரவு புத்தகங்களை ஒரு யூரியா சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, அடுப்பங்கரைப் பரணில் ஏற்றினாள். பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையை மடித்து வைத்தாள். வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு தாயின் கூடையோடு பெரட்டுக்களத்தில் நின்றாள். ஜோன்சன் அவள் பேரைச் சத்தமாக வாசித்தான்.

முதல் நாள் பேர் கொடுக்கும் பெண்ணுக்குத் தாய்தான் தலையில் கயிற்றைப் போட்டுக் கூடை மாட்டிவிட வேண்டும். அந்தத் தோட்டத்தில் எல்லாத் தாய்மாரும் செய்தது. செசிலியும் கூடையைத் தூக்கினாள். மகள் அவளை விட ஒரு சாண் உயரம். இடது கையில் கூடை வந்தது, வலது கை நெஞ்சில் நின்றுவிட்டது. இன்னொரு முறை முயன்றாள். கூடை வழுக்கி மண்ணில் விழுந்து உருண்டது. வெறுங்கூடைதான். வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"தள்ளு மதினி" என்றாள் பிலோமி. கூடையை எடுத்து மண்ணைத் தட்டி, கயிற்றை ரொஷானியின் தலையில் போட்டாள். போட்டுவிட்டு, நாலு பேர் கேட்க, நிதானமாகச் சொன்னாள்: "வாய மூடிக்கிட்டு இருக்கத் தெரியாதவளுக்கு வீடு ஒரு கேடா?"

பெரட்டுக்களம் சிரித்தது. பீலியடியில் சிரித்த அதே சிரிப்பு, அதே ஆட்கள். செசிலி யாரையும் பார்க்கவில்லை. மகளை மட்டும்தான் பார்த்தாள்.

பதினோராம் நம்பர் மலைக்கு ஏறும் வழியில், பின்னாலேயே வந்த தாயின் பக்கம் ரொஷானி ஒரு முறை திரும்பினாள். பங்களாவின் கேட்டில் புது விளம்பரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் தாய் சிரித்துக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கீழே வேறு யாருடையதோ கை இருந்தது.

"அவ்வளவு காலம் மறைச்சியே. அங்க போயி ஏம்மா வாயத் தொறந்த?"

பென்சிலைப் பற்றிச் சொல்ல செசிலி வாயெடுத்தாள். ஆனால் அது பொய் என்று அவளுக்கே அப்போது தெரிந்துவிட்டது.

"எங்க நோவுதுன்னு கேட்டுச்சு அந்தப் புள்ள" என்றாள். "என்னைய அதுவரைக்கும் யாரும் கேட்டதில்லடி."